பழங்கடிகாரங்கள் உரைக்கும் வரலாறு

அரபு மொழியில் ‘ஸாஅத்’ என்னும் சொல் மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஒரு மணி நேரம் என்பது முதற்பொருள். நேரத்தைக் காட்டும் கருவியாகிய கடிகாரம் என்பது இரண்டாவது பொருள். யாரும் முன்கூட்டி அறிய இயலாத இறுதி நாள் என்பது மூன்றாவது பொருள். கையில் கட்டியிருக்கும் கருவியையும் கியாமத் நாளையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழியைக் கற்பிப்பவர்கள் நாம். எனவே கடிகாரத்தை வெறும் பொறியாகப் பார்ப்பது நமக்கு எளிதன்று.

‘அஸ்ர்’ என்னும் சொல்லும் அத்தகையதே. காலம் என்றும் பிற்பகல் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். அதன் வேரில் பிழிதல் என்னும் பொருளும் உண்டு. பழச்சாற்றுக்கு அரபியில் ‘அஸீர்’ என்று பெயர் அமைந்தது அவ்வேரிலிருந்தே. மூன்றே வசனங்கள் கொண்ட அல்அஸ்ர் அத்தியாயம் காலத்தின் மீது ஆணையிட்டுத் தொடங்கி, மனிதனின் இழப்பைப் பற்றிப் பேசுவதை வாசகர்கள் அறிவர்.

தமிழின் ‘கடிகாரம்’ என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வடமொழியில் ‘கடிகா’ என்பது சிறு பாத்திரம். அடியில் நுண்ணிய துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஓர் அளவாகக் கொண்டனர் நம் முன்னோர். தமிழர் அதை நாழிகை வட்டில் என்றனர். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு இக்காலக் கணக்கில் 24 நிமிடம். கிண்ணம் மறைந்தது. அதன் பெயர் மட்டும் சக்கரங்களும் சுருள்வில்லும் கொண்ட மேனாட்டுப் பொறியின் மீது ஏறி அமர்ந்துகொண்டது.

அண்மைக்காலமாகப் பழைய கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் நம் சமுதாயத்திலும் பெருகி வருகின்றனர். நாமும் அத்தகைய சிலவற்றைப் பேணி வருகிறோம். இப்பழக்கத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல், அதனுள் பொதிந்துள்ள வரலாற்றையும், அதனோடு வரும் மார்க்கக் கடமைகளையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு வடசென்னையின் மூலக்கொத்தளத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது.

மூலையில் நின்ற கொத்தளம்

கொத்தளம் என்பது கோட்டை மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் காவல் அமைப்பு. சென்னைப் பட்டணத்தின் கறுப்பர் நகரை 1758 இறுதியில் பிரெஞ்சுப் படை கைப்பற்றி, 1759 பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டது. 1769இல் ஹைதர் அலி தம் குதிரைப்படையுடன் சென்னையின் வாயில்வரை வந்து, ஆங்கிலேயரைத் தம் விருப்பப்படி உடன்படிக்கை செய்துகொள்ள வைத்தார். இவ்வச்சங்களின் விளைவாகவே நகரின் வடக்கிலும் மேற்கிலும் பெருமதில் எழுந்தது. பால் பென்ஃபீல்டு என்னும் ஒப்பந்தக்காரர் அதைக் கட்டினார். மதிலுக்கென வரி விதிக்க எண்ணியதன் நினைவு ‘வால்டாக்ஸ் சாலை’ என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது. மதிலின் வடமேற்கு மூலையில் நின்ற கொத்தளமே மூலைக் கொத்தளம். அது மக்கள் நாவில் மூலக்கொத்தளம் ஆயிற்று.

இன்று அங்கே கொத்தளம் இல்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கம் செய்யப்பட்ட இடுகாட்டாலேயே அவ்வூர்ப் பெயரைப் பலர் அறிவர். ஆனால் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், மனிதர் நேரத்தை அளந்த முறையின் பல அடுக்குகள் கிடக்கின்றன. தெற்கே தங்கசாலையில் மணிக்கூண்டு, கிழக்கே இராயபுரம் இரயில் நிலையம், அதற்கப்பால் துறைமுகம், மேற்கே பெரம்பூர் வழியில் மூடப்பட்டுவிட்ட பஞ்சாலைகள், தென்கிழக்கே மண்ணடியின் பள்ளிவாசல்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை நேரத்தை இப்பகுதி மக்கள் மீது செலுத்தியது.

1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் இராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. மாட்டுவண்டிப் பயணத்தில் ஒரு நாழிகை முன்பின் ஆனால் எவருக்கும் இழப்பில்லை. இரயிலோ காத்திருப்பதில்லை. ஊருக்கு ஊர் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் மாறுபடுவதால், எந்த ஊரின் நேரத்தை இரயில் பின்பற்றுவது என்னும் கேள்வி விரைவில் எழுந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே நேர வேறுபாடு ஒரு மணிக்கும் அதிகம். இரண்டுக்கும் நடுவே அமைந்த சென்னையின் நேரமே 1870களில் இந்திய இரயில்வேயின் பொது நேரமாக ஏற்கப்பட்டது.

அதற்குத் தகுதி சென்னையின் வானாய்வு நிலையத்தால் வந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட அந்நிலையத்தில் விண்மீன்களின் போக்கைக் கொண்டு நேரம் கணிக்கப்பட்டது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னதாகச் செல்வதே சென்னை நேரம். வானாய்வு நிலையத்தின் கணிப்பையொட்டி, கோட்டையில் நண்பகலிலும் இரவு 8 மணிக்கும் பீரங்கி முழங்கிற்று. அவ்வோசைக்கு நகரத்தார் தம் கடிகார முட்களைத் திருத்திக்கொண்டனர். அந்நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் நிகழ்ந்த வெள்ளிக்கோள் கடப்பு பற்றி அவர் எழுதிய விளக்கநூல் உருதுவிலும் வெளிவந்தது. வானியலைத் தம் மார்க்க வாழ்வோடு தொடர்புடையதாகக் கருதிய முஸ்லிம் வாசகர்கள் அந்நாளில் இருந்தனர் என்பதற்கு இது ஒரு சான்று.

1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னையின் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடாமல் வைத்திருந்தன. சென்னையோ பெரும் எதிர்ப்பின்றி இணங்கிற்று.

இந்த 9 நிமிடத்தின் தடம் நம் பள்ளிவாசல்களில் இன்றும் உண்டு. லுஹர் தொழுகையின் வேளை கடிகாரம் 12 அடிப்பதால் வருவதன்று. சூரியன் உச்சி சாய்வதால் வருவது. சென்னையில் அது நவம்பர் தொடக்கத்தில் சுமார் 11 மணி 52 நிமிடத்திலும், பிப்ரவரி நடுவில் சுமார் 12 மணி 23 நிமிடத்திலும் நிகழ்கிறது. அரசு கடிகார முள்ளைத்தான் நகர்த்திற்று. நிழல் தன் வழியே சென்றது. அஸர் வேளையோ இன்னும் நுட்பமானது. பொருளின் நிழல் அதன் உயரத்தின் ஓர் அளவு நீளும்போது தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இரண்டு அளவு நீளும்போது என்பது ஹனஃபி மத்ஹபில் பரவலாகப் பின்பற்றப்படும் கருத்து. இரு மத்ஹபினரும் வாழும் வடசென்னையில் ஒரே மாலையில் வெவ்வேறு நேரங்களில் அஸர் பாங்கு ஒலிப்பது இதனாலேயே. கடிகாரம் ஒன்றாயினும் நிழலை வாசிக்கும் முறை இரண்டு.

முவக்கித்தும் யானைக் கடிகாரமும்

தொழுகையின் வேளைகளும் நோன்பின் தொடக்கமும் முடிவும் வானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், நேரக்கணிப்பு முஸ்லிம் நகரங்களில் ஒரு துறையாகவே வளர்ந்தது. பெரும்பள்ளிகளில் ‘முவக்கித்’ எனப்படும் நேரக்கணிப்பாளர் நியமிக்கப்பட்டார். தமஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் அப்பணியில் இருந்த இப்னுஷ் ஷாத்திர் (ரஹ்) ஹிஜ்ரி 773இல், அதாவது 1371-72இல், அப்பள்ளியின் மினாரா ஒன்றில் பெரிய நிழற்கடிகாரம் ஒன்றை அமைத்தார். கோள்களின் இயக்கம் பற்றி அவர் வகுத்த கணித அமைப்புகளுக்கும் பின்வந்த கோப்பர்நிக்கசின் அமைப்புகளுக்கும் உள்ள ஒற்றுமையை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பள்ளிவாசல் ஊழியர் ஒருவர் அந்நூற்றாண்டின் முன்னணி வானியலாளராகவும் இருந்தார் என்பது நம் இன்றைய நிர்வாகக் குழுக்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், தியார்பக்ர் நகரில் அல்ஜஸரீ தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். அதில் விளக்கப்படும் யானைக் கடிகாரம் உலகப் புகழ் பெற்றது. யானையின் வயிற்றினுள் நீர்த்தொட்டி. அதில் மிதப்பது துளையிட்ட ஒரு கிண்ணம். கிண்ணம் மெல்ல நிரம்பி மூழ்கும்போது கயிறுகள் இழுபட்டு, மேலே உள்ள உருவங்கள் இயங்குகின்றன. ஓர் உலோக உருண்டை விழுந்து ஓசை எழுப்புகிறது. கிண்ணம் மீண்டும் மேலெழுகிறது. இக்கிண்ணம் நம் நாழிகை வட்டிலின் உறவினமே. யானையை இந்தியாவின் அடையாளமாகவும், அதன்மேல் அமைந்த பாம்புருவங்களைச் சீனத்தின் அடையாளமாகவும் கொண்டு, பல நாட்டு அறிவு ஒன்றுகூடிய பொறியாக அதனை விளக்குவோர் உண்டு.

அக்கிண்ணம் இந்திய முஸ்லிம் அரசுகளிலும் மதிப்புடன் வாழ்ந்தது. ஃபிரோஸ் ஷா துக்ளக் (ஆட்சி 1351-1388) தம் ஃபிரோசாபாத் நகரில் நாழிகைக் கிண்ணத்தையும் அதனோடு ஒலிக்கும் மணித்தட்டையும் நிறுவினார். மேகம் மூடிய நாள்களில் தொழுகை வேளையையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் அறிய அது உதவிற்று. பாபர் தம் தன்வரலாற்றில் இந்நாட்டின் நாழிகை முறையை வியந்து விவரிக்கிறார். இரவில் விழித்துக்கொள்பவருக்கு எத்தனையாவது நாழிகை என்பது கேட்கும், எந்தச் சாமம் என்பது தெரியாது என்பதைக் கண்டு, சாமத்தின் எண்ணிக்கையையும் சேர்த்து அடிக்குமாறு அவர் ஆணையிட்டார். படையெடுத்து வந்த மன்னர் ஒருவர் கண்விழித்த மனிதனின் சிறு தடுமாற்றத்தைக் கருத்திற்கொண்ட செய்தி இது.

பொறிக் கடிகாரத்திலும் முஸ்லிம் அறிஞர் பின்தங்கியிருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் தகிய்யுத்தீன் என்னும் அறிஞர் எடைக்கல்லாலும் சுருள்வில்லாலும் இயங்கும் கடிகாரங்களைப் பற்றி அரபியில் நூல் எழுதினார். வானாய்வுக்கென நிமிடங்களையும் வினாடிகளையும் காட்டும் கடிகாரத்தை வகுத்தார். அவர் பொறுப்பில் இஸ்தான்புல்லில் எழுந்த வானாய்வு நிலையம் 1577இல் பணி தொடங்கி, 1580இல் மூன்றாம் முராது சுல்தானின் ஆணையால் இடிக்கப்பட்டது. அதன் பின்னரே மேலைநாட்டுக் கடிகாரங்கள் உதுமானியச் சந்தையை நிறைத்தன. கருவியைச் செய்த சமுதாயம் கருவியை வாங்கும் சமுதாயமாக மாறியதற்கு ஒரே காரணம் கூறிவிட இயலாது. எனினும், அறிவின் இல்லத்தை நம் கையாலேயே இடித்த நிகழ்ச்சியை மறைத்துவிட்டுப் பழம்பெருமை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது.

பன்னிரண்டில் மறைந்த சூரியன்

சேகரிப்பாளரின் கைக்கு எப்போதேனும் வந்து சேரும் ஒரு வகைக் கடிகாரம் உண்டு. முகப்பில் அரபு எண்கள். வெள்ளியாலான இரண்டு, மூன்று கூடுகள் ஒன்றனுள் ஒன்றாக. வெளிக்கூட்டில் சிலவேளை ஆமையோட்டு வேலைப்பாடு. உள்ளே இலண்டன் கைவினைஞரின் பெயர். ஜார்ஜ் பிரயர், எட்வர்டு பிரயர், மார்க்விக் மார்க்கம் ஆகிய பெயர்கள் அவற்றில் பரவலாகக் காணப்படும். உதுமானியச் சந்தைக்கென்றே பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை அவை.

அவற்றை அணிந்தவர்கள் கடைப்பிடித்த நேரமுறை நம்முடையதன்று. சூரியன் மறையும்போது கடிகாரம் 12 காட்டவேண்டும். புதிய நாள் அங்கிருந்து தொடங்கும். சூரியன் மறையும் நேரம் நாள்தோறும் மாறுவதால், மாலைதோறும் முட்களைத் திருத்தி வைக்க வேண்டியிருந்தது. பொறி மனிதனைத் திருத்தாமல், மனிதன் வானத்தைப் பார்த்துப் பொறியைத் திருத்திய முறை அது. துருக்கி 1926 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. மக்காவிலோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மஃரிப் கணக்கிலான ‘அரபு நேரம்’ வழங்கிற்று. அக்காலத்தில் ஹஜ்ஜுக்குச் சென்ற தமிழக ஹாஜிகள் தம் கைக்கடிகாரம் ஒன்றும் அவ்வூர்க் கடிகாரம் வேறொன்றும் காட்டக் கண்டிருப்பர். இன்று அதே நகரில், 2010ஆம் ஆண்டு ரமலானில் இயங்கத் தொடங்கிய மாபெரும் கோபுரக் கடிகாரம் கஅபாவுக்கு எதிரே ஓங்கி நிற்கிறது. ஆயினும் அந்நகரில் ஹிஜ்ரி நாள் இன்றும் சூரியன் மறையும்போதே பிறக்கிறது.

சூரிய ஆண்டையும் சந்திர ஆண்டையும் அருகருகே வைத்து எண்ணும் பழக்கம் நமக்குப் புதிதன்று. குகைவாசிகள் தங்கிய காலத்தை அல்கஹ்ஃபு அத்தியாயம் முந்நூறு என்றும் மேலும் ஒன்பது என்றும் குறிப்பிடுகிறது. முந்நூறு சூரிய ஆண்டுகள் ஏறத்தாழ முந்நூற்றொன்பது சந்திர ஆண்டுகள் என்பதை விரிவுரையாளர்கள் சுட்டியுள்ளனர். உறங்கியவர்களுக்கோ அது ஒரு நாள் அல்லது அதற்கும் குறைவாகத் தோன்றிற்று.

ஆலைச் சங்கு

மூலக்கொத்தளத்திற்கு மீண்டும் வருவோம். அதன் மேற்கே 1870களிலும் 1880களிலும் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் வடசென்னை மக்களின் நேரத்தை நூறாண்டுக்கு மேல் ஆண்டன. சொந்தமாகக் கடிகாரம் வைத்திருந்த தொழிலாளி அரிது. ஆலைச் சங்கே அவருக்குக் கடிகாரம். சங்கு ஊதி வாயில் அடைபட்டால் அன்றைய கூலி போயிற்று.

1918 ஏப்ரல் 27இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதை வழிநடத்தினர். அத்தொழிலாளர்களின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று, அரைமணி நேரமாக இருந்த நண்பகல் உணவு இடைவேளையைச் சற்று நீட்டித் தர வேண்டும் என்பது. கை கழுவி, உண்டு, திரும்பி வர அந்நேரம் போதவில்லை. தொழ விரும்பிய முஸ்லிம் தொழிலாளிக்கு அதனினும் போதாது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1922இல் வார வேலையை 60 மணியாகவும், 1934இல் 54 மணியாகவும், 1946இல் 48 மணியாகவும் குறைத்தது. ஒவ்வொரு மணியும் வேண்டிப் பெற்றது. அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டன, சங்கும் ஓய்ந்தது.

பழங்கடிகாரம் என்றவுடன் நவாபுகளின் பொற்கடிகாரமும், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் மணிதோறும் வெளிவந்து மணியடிக்கும் தாடிவைத்த பொம்மையுமே நினைவுக்கு வருகின்றன. ஆலை வாயிலில் தொங்கிய கடிகாரமும் அதே வரலாற்றைச் சேர்ந்ததே. யாருடைய நேரம் யாருக்கு உரியது என்னும் கேள்வியை அழகிய கடிகாரங்களைவிட அதுவே தெளிவாக எழுப்பியது.

சந்தைக்கு வந்த கடிகாரங்கள்

நம் நாட்டுச் சந்தையில் கிடைக்கும் பழங்கடிகாரங்கள் சில வழிகளில் வந்தவை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1879இல் எழுந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் மாளிகை ஆங்கில அதிகாரிகளுக்கும் செல்வந்தர்க்கும் கடிகாரம் விற்றது. கனி அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனத்தின் பெயர் சென்னையின் மணிக்கூண்டுக் கடிகாரங்களோடு இணைந்து வழங்குகிறது. சுவிட்சர்லாந்தின் ஃபாவ்ர் லூபா நிறுவனம் 1865இல் பம்பாய்க்கு வந்தது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி இந்தியச் சந்தைக்கென்றே கடிகாரம் வரவழைத்தது. குதிரைவீரனைக் குறிக்கும் ‘சவார்’ என்னும் உருதுச் சொல்லை அது தன் கடிகாரத்திற்குப் பெயராகச் சூட்டிற்று. முதல் உலகப்போரில் மெசப்பொட்டேமியா சென்ற இந்தியச் சிப்பாய்களின் கைகளில் அது இருந்தது. பின்னர் அரபு நாடுகளிலும் அப்பெயர் பரவிற்று.

விடுதலைக்குப்பின் வெளிநாட்டுக் கடிகார இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியுடன் பெங்களூரில் எச்.எம்.டி. தன் உற்பத்தியைத் தொடங்கியது. திருமணச் சீராகவும், தேர்வில் வென்ற மகனுக்குத் தந்தையின் பரிசாகவும், ஓய்வுபெறும் ஊழியருக்கு நினைவுப் பொருளாகவும் அது வீடுதோறும் சென்றது. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கூட்டுறவில் உருவான டைட்டன், ஓசூரில் மின்கலக் கடிகாரங்களைச் செய்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மைய அரசு 2016இல் ஒப்புதல் தந்தது. அதன்பின், ஒருகாலத்தில் எளியோரின் கடிகாரமாக இருந்த ‘ஜனதா’ சேகரிப்பாளர் தேடும் பொருளாயிற்று.

இதற்கிடையே, பர்மாவிலிருந்து திரும்பியோர்க்கென 1969இல் அமைந்த பர்மா பஜாரிலும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பிய நம்மவரின் பெட்டிகளிலும் சீகோ, சிட்டிசன் கடிகாரங்கள் வந்திறங்கின. பழையனவற்றுக்கு மூர் மார்க்கெட்டே புகலிடம். 1900இல் திறக்கப்பட்ட அச்சந்தை 1985இல் தீக்கிரையாயிற்று. பழைய நூல்களோடு பழைய கடிகாரங்களும் எத்தனை எரிந்தன என்று கணக்கிட்டவர் இல்லை.

சேகரிக்கத் தொடங்குவோர் முதலில் கற்கவேண்டியது முகப்பை நம்பாதிருத்தல். கூடு ஒரு கடிகாரத்தினது, உட்பொறி மற்றொன்றினது, முகப்பு அண்மையில் வண்ணம் பூசி அச்சிட்டது என்று கோத்த கடிகாரங்களே சந்தையில் மிகுதி. எழுத்துகளின் ஓரம் தடித்திருப்பதும், நிமிடக் கோடுகள் ஒரே சீராக இல்லாமையும், நூறாண்டுப் பொருளில் புத்தம்புது வண்ணம் மின்னுவதும் ஐயத்திற்குரிய அடையாளங்கள். இருளில் ஒளிரும் எண்கள் கொண்ட பழங்கடிகாரங்களில் ரேடியம் பூசப்பட்டிருக்கலாம். ஒளி மங்கிப் போயிருந்தாலும் ரேடியத்தின் வீரியம் போய்விடுவதில்லை. அது பாதியாகக் குறைவதற்கே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறந்து சுரண்டுவது உடலுக்குத் தீங்கு.

நல்ல நிலையில் உள்ள பழைய கைக்கடிகாரம் ஒன்றின் சமநிலைச் சக்கரம் வினாடிக்கு ஐந்து முறை துடிக்கும். ஒரு நாளில் அது 4,32,000 துடிப்பு. சாவி கொடுக்க மறந்தால் மறுநாளே நின்றுவிடும். மின்கலக் கடிகாரத்திற்கு இப்பணிவிடை தேவையில்லை. நாள்தோறும் ஒரே வேளையில் சாவி கொடுப்பவர், நேற்றுக் கொடுத்தபின் என்ன செய்தோம் என்று ஒருகணம் எண்ணாதிருக்க இயலாது. முன்னோர் ‘முஹாஸபா’ என்று அழைத்த தன்கணக்கெடுப்புக்கு இதுவும் ஓர் எளிய வாயில்.

சேகரிப்பும் மார்க்கமும்

இப்பழக்கத்தில் மார்க்கம் தொடும் இடங்கள் சில உண்டு. அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டால் அழகிய பழக்கம் பெரும் குற்றமாகிவிடும்.

முதலாவது, விற்பனையில் நேர்மை. மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி, ஈரமானதை அடியில் மறைத்து விற்ற வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்தது. மறுவண்ணம் பூசிய முகப்பை மூலமுகப்பு என்று சொல்லி விற்பதும், வேறு பொறியைப் பழைய கூட்டில் வைத்து மறைப்பதும் அதே வகையைச் சேர்ந்தவை. குறையைச் சொல்லி விற்பதில் தடையில்லை. சொல்லாமல் விற்ற பணத்தில் அருள்வளம் இல்லை.

இரண்டாவது, பொற்கடிகாரம். ஆண்கள் பொன் அணிவது விலக்கப்பட்டது. எனவே முன்னோரிடமிருந்து வந்த பொற்கடிகாரத்தை ஆண் அணிந்துகொள்ள வழியில்லை. விற்கலாம், குடும்பப் பெண்களுக்கு அளிக்கலாம். அவர் அதைத் தம்மிடமே வைத்திருந்தால் ஸகாத்தின் கேள்வி எழுகிறது. ஹனஃபி மத்ஹபில் அணிகலனாயினும் பொன்னுக்கு ஸகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமான அணிகலனுக்கு விலக்கு உண்டு. ஆணின் பொற்கடிகாரம் ஆகுமான அணிகலன் அன்று என்பதால் அவ்விலக்கு அதற்குப் பொருந்தாது. ஆக, பிற இடங்களில் வேறுபடும் இரு மத்ஹபுகளும் இங்கே ஒரே முடிவுக்கு வருகின்றன. பொன்னின் எடை நிஸாபை எட்டினால் ஸகாத் கடமையாகும். எஃகு, நிக்கல் கூட்டுக் கடிகாரங்களைச் சொந்தத்திற்கு வைத்திருப்பவருக்கு அவற்றின் மீது ஸகாத் இல்லை. விற்பனைக்கென்றே சேர்த்தவருக்கு அவை வணிகச் சரக்கு. சந்தை மதிப்பில் ஸகாத் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, நம் கருத்தில் மிக முக்கியமானது, பள்ளிவாசல் கடிகாரங்களைப் பற்றியது. தமிழகத்துப் பழைய பள்ளிகளில் மிஹ்ராபுக்கு அருகே பெண்டுலக் கடிகாரம் ஒன்று தொங்குவது வழக்கம். பலவற்றின் கண்ணாடியில் வழங்கியவரின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வணிகம் செய்தவர்கள் ஊர்ப் பள்ளிக்கு வாங்கி அனுப்பிய கடிகாரங்கள் அவற்றுள் உண்டு. ஐவேளை நேரத்தையும் சிவப்பு எண்களில் காட்டும் மின்பலகைகள் வந்தபின் அவை கழற்றப்பட்டு, சாமான் அறைக்கோ பழைய பொருள் வாங்குவோரின் வண்டிக்கோ செல்கின்றன. அவ்வண்டியிலிருந்து அவை சேகரிப்பாளரின் கைக்கு வருகின்றன. பள்ளிவாசலுக்கு வக்ஃபாக அளிக்கப்பட்ட பொருளை நிர்வாகிகள் தம் விருப்பம்போல் பிறர்க்குக் கொடுத்துவிட இயலாது என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ளது. சேகரிப்பாளரும் கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கக் கூடாது. பள்ளிவாசலின் பெயர் எழுதிய கடிகாரம் ஒருவர் வரவேற்பறையில் தொங்குவது அவருக்கு அணியன்று. அவர் மீதுள்ள அமானிதம்.

செய்யத்தக்கன எளியவை. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளியில் உள்ள பழைய கடிகாரங்களையும், சுவரில் ஒட்டிய பழைய தொழுகைக் கால அட்டவணைகளையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். வழங்கியவர் பெயர், ஆண்டு, தயாரித்த நிறுவனம், எந்த ஊரிலிருந்து வந்தது என்னும் நான்கு செய்திகள் போதும். நம் ஊரார் எந்தெந்தத் துறைமுகங்களுக்குச் சென்றனர், எப்போது செழித்தனர், ஊரை எவ்வாறு நினைத்தனர் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம். அரபுக் கல்லூரிகளோ நேரக்கணிப்புக் கலையாகிய ‘இல்முல் மீகாத்’தை மீண்டும் பாடத்தில் சேர்க்கலாம். முற்றத்தில் குச்சி ஒன்றை நட்டு ஓராண்டு நிழலைக் குறித்துவரும் மாணவன், அச்சிட்ட அட்டவணையை மனப்பாடம் செய்தவனைவிடத் தொழுகையின் வேளையை நன்கு அறிவான்.

மதிலைக் கட்டியவர்கள் அது என்றும் நிற்கும் என்று எண்ணியிருப்பர். கொத்தளம் போய்ப் பெயர் மட்டும் எஞ்சிற்று. கோட்டைப் பீரங்கியும் ஆலைச் சங்கும் ஓய்ந்தன. சென்னை நேரம் என்று ஒன்று இருந்ததையே நகரத்தார் மறந்தனர். அவ்வாட்சிகள் அனைத்தின் கீழும் வடசென்னைப் பள்ளிகளில் பஜ்ருக்கு எழுந்தவர்கள் இருந்தனர். அவர்கள் நிழலையும் விடியலையும் பார்த்து வேளை அறிந்தனர். தம் உழைப்பில் மிச்சம் பிடித்து இறையில்லத்திற்கு ஒரு கடிகாரம் வாங்கித் தொங்கவிட்டனர். அக்கடிகாரங்களில் இன்னும் சாமான் அறைகளில் கிடப்பவை, அவற்றின் கண்ணாடியில் உள்ள பெயர்கள் அழிவதற்குள் எழுதி வைக்கப்பட வேண்டும்.